அரிப்பு அடங்கினால் நோய் மாறிவிட்டதா?

2018 மார்கழி மாதத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்தபோது, பல குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தங்கவேண்டி வந்தது. நனைந்த உடுப்பு உலரவில்லை. ஒரு பாயில் நான்கு பிள்ளைகள் படுத்தார்கள். குளிக்க நல்ல தண்ணீர் இல்லை. ஒரு கிழமைக்குள் தோல் நோய்கள் பரவத் தொடங்கின. அவ்வேளை எம்மிடம் வந்து சேர்ந்த உதவிப் பொருட்களுக்குள் ஒரு பெட்டி நிறையப் பூச்சு மருந்து இருந்தது. தோல் அழற்சிக்கும் கிருமிக்கும் உரியது என்று உறையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இரண்டுக்கும் ஒரே மருந்து என்றால் நல்லதுதானே என எண்ணி, குடும்பத்துக்கு ஒரு ரியூப் வீதம் நாமே பங்கிட்டோம். வைத்தியர் ஒருவரிடமும் நாம் கேட்கவில்லை.

மூன்றாம் நாளே மகிழ்ச்சியான செய்தி வந்தது. பிள்ளைகள் இரவில் சொறியாமல் உறங்குகிறார்கள், சிவப்பு அடங்கிவிட்டது என்றார்கள். நாமும் நல்ல காரியம் ஒன்றைச் செய்த திருப்தியோடு இருந்தோம்.

மாசி மாதத்தில், எல்லோரும் வீடு திரும்பிய பின், ஒரு தாய் தன் எட்டு வயது மகனோடு எம்மைத் தேடி வந்தார். "பாதர், அந்த வெள்ளைப் பூச்சு இன்னும் ஒண்டு கிடைக்குமோ? பூசினா ரெண்டு நாளிலை கடி நிக்குது. விட்டா முந்தினதிலும் பாக்கக் கூடவா வருது" என்றார். வெள்ளத்தின்போது பையனின் கன்னத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் இருந்த வட்டம், இப்போது காதையும் கழுத்தையும் பிடித்திருந்தது. வீட்டில் ஆச்சிக்கும் மூத்த அக்காவுக்கும் அதே நோய். நாம் கொடுத்தது முடிந்த பின், வெற்று ரியூபைக் கடையில் காட்டி அதையே வாங்கிப் பூசியிருந்தார்கள்.

நாம் அவர்களை வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். வைத்தியர் பையனின் தோலைச் சிறிது சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். "இது படர்தாமரை. நீங்கள் கொடுத்த மருந்து இதை மாற்றவில்லை, மறைத்தது" என்றார். அக்காவின் தொடையின் உட்புறத்தில் சிவந்த வரிகள் விழுந்திருந்தன. "படர்தாமரை மாறும். இந்த வரிகளின் நிறம் மங்கும், ஆனால் முற்றாக மாறாது" என்றும் சொன்னார். இக்கட்டுரையை எழுதும்படி எம்மைத் தூண்டியவை அந்தச் சொற்களே.

ஒரு ரியூபுக்குள் இரண்டு மருந்து

நாம் இங்கு பேசுவது கலப்புப் பூச்சுகளைப் பற்றி. இவற்றுள் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான வேலை செய்யும் இரண்டு மருந்துகள், சிலவற்றில் மூன்று அல்லது நான்கு மருந்துகள் கலந்திருக்கும்.

ஒன்று கிருமியைக் கொல்லும் அல்லது அதன் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து. பியூசிடிக் அசிட், நியோமைசின், ஜென்ராமைசின் என்பவை பற்றீரியாவுக்கு எதிரானவை. குளோற்றிமசோல், மைக்கொனசோல் என்பவை முக்கியமாகப் பங்கசுக்கு எதிரானவை. பற்றீரியாவுக்குரிய மருந்து படர்தாமரைப் பங்கசைக் கொல்லாது. நாம் பங்கிட்ட பூச்சில் இருந்தது பற்றீரியாவுக்குரிய மருந்து. பையனுக்கு இருந்ததோ பங்கசு.

மற்றையது ஸ்ரெரொயிட். எமது சிறுநீரகங்களின் மேலிருக்கும் சிறு சுரப்பிகள் இத்தகைய ஒரு பொருளை இயற்கையாகவே சுரக்கின்றன. 1952 ஆம் ஆண்டு சல்ஸ்பேகர், விற்றன் என்ற அமெரிக்க வைத்தியர்கள் ஹைட்ரோகோட்டிசோன் என்ற ஸ்ரெரொயிட்டைத் தோலில் பூசிப் பலன் கண்டதை அறிவித்தார்கள். அதன்பின் அதனிலும் பன்மடங்கு வலிமையானவை செய்யப்பட்டன. ஒரு வீத ஹைட்ரோகோட்டிசோன் மென்மையானது. பீற்றாமெதசோன் வலேறேற் வலிமையானது. குளோபெற்றசோல் மிக வலிமையானது.

இங்கே ஓர் ஆபத்தான பெயர் மயக்கம் உண்டு. குளோற்றிமசோல், குளோபெற்றசோல் என்ற இரண்டு பெயர்களும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். முதலாவது படர்தாமரைக்குரிய மருந்து. இரண்டாவது படர்தாமரையை வளர்த்துவிடும் கடும் ஸ்ரெரொயிட். ஆகவே கடையில் வாயால் பெயர் சொல்லி மருந்து வாங்கவேண்டாம். வைத்தியர் எழுதிய சிட்டையைக் கொடுத்து வாங்குங்கள்.

நாயின் வாயைக் கட்டினால்

ஸ்ரெரொயிட் எப்படி வேலை செய்கிறது? தோலில் கிருமி புகுந்தால் உடம்பு அதை எதிர்த்துப் போரிடும். அந்த இடத்துக்கு இரத்தம் கூடுதலாக ஓடும், சிவக்கும், வீங்கும், அரிக்கும். ஸ்ரெரொயிட் இந்த எதிர்ப்பை அடக்குகிறது. அதனால்தான் இரண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் குறைகின்றன.

இரவில் வளவுக்குள் கள்ளன் வருகிறான், நாய் குரைக்கிறது. உறக்கம் கெடுகிறதென்று நாயின் வாயைக் கட்டிவிட்டால் வீடு அமைதியாகிவிடும். ஆனால் கள்ளன் வளவுக்குள்தான் நிற்கிறான். அரிப்பு நாயின் குரைப்பைப் போன்றது. கள்ளனைப் பிடிக்கக்கூடிய சரியான கிருமிமருந்தும் கூடவே இருந்தால்தான், சில நாளுக்கு நாயை அடக்கி வைப்பதில் பயன் உண்டு.

அவ்வாறு பயன்படும் நோய்களும் உள்ளன. எக்சிமா எனப்படும் கரப்பன் உள்ள பிள்ளை சொறிந்து சொறிந்து, அதில் பற்றீரியா தொற்றி நீர் வடியும்போது, வைத்தியர் பியூசிடிக் அசிட்டும் ஸ்ரெரொயிட்டும் கலந்த பூச்சைச் சில நாட்களுக்குத் தரலாம். தோல் மடிப்புகளில் பங்கசோடு கடும் அழற்சியும் சேர்ந்திருந்தால், மைக்கொனசோலும் மென்மையான ஹைட்ரோகோட்டிசோனும் கலந்த பூச்சைக் குறுகிய காலத்துக்குத் தரலாம். எனவே இம்மருந்துகள் கெட்டவை அல்ல. இன்ன நோய்க்கு, இன்ன இடத்தில், இத்தனை நாளுக்கு என்ற கணக்கோடு பயன்படுத்த வேண்டியவை.

இந்த நோய்களுக்கு நீங்களாகப் பூசவேண்டாம்

படர்தாமரை: ஓரம் தடித்துச் சிவந்து, நடுப்பகுதி தெளிந்து, வட்டமாகப் படரும். ஸ்ரெரொயிட் பூசினால் அந்த ஓரம் மறைந்து, நோய் உருமாறிப் பரவும். பின்னர் வைத்தியருக்கும் அடையாளம் காண்பது கடினம். மாறுவேடம் பூண்ட இந்தப் படர்தாமரைக்கு 1968 ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகில் தனிப் பெயர் இடப்பட்டுவிட்டது.

சொறி: விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, மறைவிடம் ஆகியவற்றில் சிறு பருக்கள் தோன்றி, இரவில் அரிப்புக் கூடும். வீட்டில் பலருக்கு ஒரே காலத்தில் வரும். இதற்குக் காரணம் தோலைத் துளைத்து வாழும் மிகச்சிறிய உண்ணி. கலப்புப் பூச்சு அதைக் கொல்லாது. பென்சைல் பென்சோவேற், பேமெத்றின் போன்ற மருந்தை வைத்தியர் சொல்லும் முறைப்படி, அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசவேண்டும். உடுப்பையும் படுக்கை விரிப்பையும் அன்றே துவைத்து வெயிலில் காயவிட வேண்டும். உண்ணி செத்த பின்னும் இரண்டு தொடக்கம் நான்கு கிழமை வரை அரிப்பு இருக்கலாம்.

பிள்ளைகளின் பொருக்குப் புண்: மூக்கு, வாய் ஓரங்களிலும் கால்களிலும் தேன் நிறப் பொருக்கோடு வரும். இது பற்றீரியாவால் வருவது. இதற்குக் கிருமிமருந்து தேவை, ஸ்ரெரொயிட் தேவையில்லை. புண்கள் பலவாக இருந்தால் வாயால் உட்கொள்ளும் மருந்தும் வேண்டிவரும். இதனை அலட்சியம் செய்யலாகாது. இத்தகைய புண் வந்து சில கிழமைகளின் பின் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுவதுண்டு. காலையில் எழும்போது முகம் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

உணர்வில்லாத தேமல்: வெளிறிய அல்லது சிவந்த படை ஒன்றில் பஞ்சால் தொட்டால் உணர்வு இல்லையெனில், அது தொழுநோயாக இருக்கலாம். இலங்கையில் இன்றும் தொழுநோயாளர் புதிதாகக் கண்டறியப்பட்டு வருகின்றனர். 6 மாதம் அல்லது 12 மாதச் சிகிச்சையால் முற்றாக மாற்றலாம். சிகிச்சை இலவசம். பிந்தினால் கைகால் நரம்புகள் பாதிக்கப்படும்.

நோகாத, ஆறாத புண்: காடு சார்ந்த காணிகளுக்குத் திரும்பியோர் இதைக் கவனிக்கவேண்டும். மணல் ஈ கடிப்பதால் பரவும் லீஷ்மேனியாசிஸ் என்ற நோய் சிறு பருவாகத் தொடங்கி, நோவில்லாத புண்ணாக மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கும். இந்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992 இல் அறியப்பட்டார். அதன்பின் பல மாவட்டங்களில் இந்நோய் பரவியுள்ளது. நான்கு கிழமைக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இவற்றோடு அம்மைக் கொப்புளங்கள், வாயோரக் கொப்புளங்கள், முகப்பருக்கள், நீரிழிவு உள்ளவரின் காற்புண் ஆகியவற்றுக்கும் இப்பூச்சைப் போடலாகாது. முகம் வெளுக்கும் என்று சிலர் பூசுகிறார்கள். முதலில் வெளுக்கும். பின்னர் தோல் மெலிந்து, சிவந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியும்.

பூசும் முறை

வைத்தியர் பார்த்து, இப்பூச்சே பொருத்தமானது என்று தந்தால் பின்வருமாறு பயன்படுத்துங்கள்.

1. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். நோயுள்ள இடத்தையும் மெதுவாகக் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். பொருக்கைப் பிய்க்கவேண்டாம்.

2. அளவுக்கு உங்கள் விரலே போதும். 1991 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் லோங், பின்லே என்ற வைத்தியர்கள் இந்த இலகுவான அளவை வகுத்தார்கள். வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதலாவது மடிப்பு வரை மருந்தை நீளமாகப் பிதுக்கினால் அது ஏறத்தாழ அரைக் கிராம். அது விரல்கள் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவான இடத்துக்குப் போதும். 15 கிராம் ரியூப் ஒன்றில் இத்தகைய 30 அளவுகள் உண்டு. பிள்ளைக்குப் பூசும்போதும் வளர்ந்தவரின் விரலாலேயே அளவெடுங்கள். பிள்ளையின் உடம்பு சிறியதாகையால் மொத்த மருந்தும் குறைவாகவே தேவைப்படும்.

3. நோயுள்ள இடத்தில் மட்டும் மெல்லிதாகப் பூசுங்கள். நாளுக்கு எத்தனை தடவை என்பதை வைத்தியர் சொல்வார். தடித்துப் பூசினால் விரைவில் மாறும் என்பது தவறு.

4. நாட்களை எண்ணுங்கள். ஏழு நாளில் குணம் காணாவிடில் மீண்டும் வைத்தியரிடம் செல்லுங்கள். அவரைக் காணாமல் இரண்டு கிழமையைத் தாண்டவே கூடாது.

5. முகம், கண்ணிமை, அக்குள், தொடையிடுக்கு, மறைவிடம் ஆகியவற்றில் தோல் மெல்லியது. அங்கே மருந்து கூடுதலாக உட்புகும். வைத்தியர் குறிப்பாகச் சொன்னாலன்றி அவ்விடங்களில் பூசவேண்டாம். கண்ணருகே நெடுநாள் பூசினால் கண்ணின் அழுத்தம் கூடவும், கண்புரை வரவும் இடமுண்டு.

6. பூசிய இடத்தைப் பொலித்தீனால் சுற்றவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். குழந்தைக்கு இறுக்கமான அரைத்துணிக்குள் பூசுவதும் இதைப் போன்றதே. மருந்து இரத்தத்தில் கலந்து, உடம்பின் சொந்தச் சுரப்பு குறையவும் வளர்ச்சி பாதிக்கப்படவும் கூடும். கைக்குழந்தைக்கு வைத்தியர் சொல்லாமல் எந்த ஸ்ரெரொயிட் பூச்சும் வேண்டாம்.

7. பாலூட்டும் தாய்மார் மார்பில் பூசலாகாது. கையில் பூசியிருந்தால் பிள்ளையைத் தூக்கமுன் கையைக் கழுவவேண்டும்.

8. பூசிய பின் இடம் கூடுதலாகச் சிவந்து, கடித்து, நீர் வடிந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரைக் காணுங்கள். நியோமைசின் சிலருக்கு ஒவ்வாது.

9. பிசுபிசுப்பான பூச்சுகள் பலவற்றில் பரபின் எண்ணெய் உண்டு. அது ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். அடுப்புக்கும் குப்பி விளக்குக்கும் தூரமாக இருங்கள்.

படர்தாமரைக்கு வைத்தியர் தரும் ஸ்ரெரொயிட் கலவாத பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டம் மறைந்தவுடன் அதை நிறுத்தவேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் பங்கசு எஞ்சியிருக்கும். அவர் சொன்ன நாள் வரை, வழக்கமாக மேலும் ஒன்று அல்லது இரண்டு கிழமை, பூசி முடியுங்கள்.

ஒரே மருந்தை எல்லோரும் பூசினால்

இடம்பெயர்ந்த இடங்களில் ஒரு ரியூப் ஐந்து வீட்டுக்குப் போவது வழக்கம். உள்ளதைப் பகிர்ந்து வாழ்வது எம் மக்களின் நற்பண்பு. ஆனால் ரியூபின் வாயில் பட்ட கையோடு கிருமியும் அடுத்த வீட்டுக்குப் போகும். ஒருவருடைய நோய்க்குத் தந்த மருந்து மற்றவருடைய நோய்க்குப் பொருந்தாது. ஐந்து பேர் பங்கிட்டால் ஒருவருக்கும் முழு அளவு கிடைக்காது.

அரைகுறையாகக் கிருமிமருந்து போடுவதன் விளைவை விவசாயிகளுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. வயலில் அறக்கொட்டியானுக்கு ஒரே நாசினியைத் திரும்பத் திரும்ப அடித்தால், பின்பு அது அந்த நாசினிக்குச் சாவதில்லை. தோலிலும் அப்படியே. அயல்நாடான இந்தியாவில் கடந்த ஆண்டுகளில் சாதாரண மருந்துக்கு அடங்காத படர்தாமரை பெரிதாகப் பரவியது. கலப்புப் பூச்சுகள் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது அதற்கு ஒரு காரணம் என அந்நாட்டுத் தோல் நோய் நிபுணர்கள் எச்சரித்தனர். 2018 இல் இந்திய அரசு 14 வகை ஸ்ரெரொயிட் பூச்சுகளை வைத்தியரின் சிட்டையின்றி விற்கக்கூடாத அட்டவணையில் சேர்த்தது.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசியிருந்தால்

பயப்படவேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். பூசிய ரியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் சென்று, எத்தனை நாள், எங்கெங்கே பூசினீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். உடம்பின் பெரும்பகுதியில் நெடுநாள் பூசியவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தாமல், அவர் சொல்லும் முறைப்படி குறைக்கவேண்டும். நிறுத்தும்போது சில நாள் சிவப்பும் எரிவும் முன்னிலும் கூடலாம். அப்போது பழைய ரியூபைத் தேடி ஓடினால் மறுபடியும் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள்.

இடம் மாறும்போது முதலில் தொலைவது வைத்தியக் கொப்பியும் சிட்டைகளும்தான். அடையாள அட்டையும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையும் வைக்கும் பொலித்தீன் பைக்குள் மருந்துச் சிட்டையையும் மடித்து வையுங்கள். புதிய இடத்தின் வைத்தியருக்கு அதுவே உங்கள் நோயின் கதையைச் சொல்லும்.

கடையில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. இதற்குள் ஸ்ரெரொயிட் இருக்கிறதா? எத்தனை நாளுக்குப் பூசவேண்டும்? காலாவதித் திகதி என்ன? ஆங்கிலம் வாசிக்கத் தெரியாததால் கேட்கத் தயங்கவேண்டாம். விளக்கம் சொல்வது மருந்து கொடுப்பவரின் கடமை. ஒரு நாள் கூலி போய்விடும் என்று வைத்தியசாலைக்குப் போகாமல் கடைக்குப் போகிறோம் என்று பலர் எம்மிடம் சொல்வதுண்டு. அது உண்மையான கஷ்டமே. ஆனால் அந்தத் தாய் இரண்டு மாதத்தில் கடையில் கொடுத்த பணம் பல நாட் கூலிக்குச் சமம். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பது இலவசம். கிராமத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் காட்டினாலும் எங்கே போகவேண்டும் என்று வழி சொல்வார்.

நோயோடு காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு விரைவாகப் பரவி வீங்கி நொந்தாலோ, புண்ணிலிருந்து சிவந்த கோடு மேல்நோக்கிப் போனாலோ, கண்ணருகே வீங்கினாலோ பூச்சை நம்பிக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அந்தப் பையன் பங்கசுக்குரிய குளிசையும் தனிப் பூச்சும் பாவித்துச் சில கிழமைகளில் சுகமானான். ஆச்சிக்கும் மாறிவிட்டது. அக்காவின் தொடையில் விழுந்த வரிகள் மட்டும் வெளிறிப்போய் இன்னும் இருக்கின்றன. அதன்பின் எம்மிடம் எந்த மருந்துப் பெட்டி வந்தாலும், திறக்காமலே பிரதேச வைத்தியசாலையில் ஒப்படைக்கிறோம். உதவி செய்யும் ஆவல் மட்டும் போதாது என்பதை அக்குடும்பத்திடம் கற்றுக்கொண்டோம். உங்கள் வீட்டில் பாதி முடிந்த ரியூப் ஒன்று இருந்தால், இன்றே எடுத்துப் பாருங்கள். அது யாருக்கு, எந்த நோய்க்கு, எப்போது தரப்பட்டது என்று சொல்லமுடியாவிட்டால், அதை மீண்டும் பூசவேண்டாம்.